பின்கட்டில் குடியிருப்பவர்கள்

வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று என்று ஐயம்பெருமாள் சொல்லி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பின்கட்டுக் கதவில் அதே பூட்டு தொங்கியது. பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில் சிலந்தி வலை பின்னி முடித்திருந்தது.

பொன்செல்வி சந்து வழியாக அதைப் பார்த்தாள். கழுத்தில் கணக்கெடுப்பாளர் அட்டை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் கறுப்பு மார்க்கர். முன்வீட்டுச் சுவரில் 43 என்று எழுதினாள். பின்கட்டுக்குத் தனி வாசல், தனி அடுக்களை. விதிப்படி அது தனி வீடு. அதற்கு 44.

அவள் ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக் கணக்கெடுப்புக்கு இந்தத் தெருவைக் கொடுத்திருந்தார்கள். வேண்டுமென்று யாரும் கொடுக்கவில்லை. குலுக்கல் மாதிரி வந்து விழுந்தது.

மில் வந்த காலத்தில் விக்கிரமசிங்கபுரத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஒரே சங்குக்கு எழுந்தார்கள், ஒரே ஷிப்டில் நின்றார்கள். ஷிப்டு முடிந்ததும் அவரவர் தெருவுக்குப் போனார்கள். கணக்கெடுப்பு வரைபடத்தில் தெருக்களுக்கு எண் போட்டிருந்தது. ஊரில் யாருக்கும் அந்த எண் தேவையில்லை. எந்தத் தெருவில் யார் என்று மினிபஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும்.

ஒன்பது நாள் முன்பு அவள் வீடு கேட்டு வந்தபோது ஐயம்பெருமாள் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வருவாய்த் துறையில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் என்றதும் முகம் மலர்ந்தது. அம்மாவும் மகளும் மட்டும்தான் என்றதும் இன்னும் மலர்ந்தது. அவர் மனைவி சொர்ணாம்பாள் மோர் கொண்டுவந்தாள்.

"சொந்த ஊரு எது?"

"மாஞ்சோலை சார். அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க."

"அது வேலைக்குப் போன எடம். அதுக்கு முந்தி?"

சொன்னாள். அவருக்கு அது போதவில்லை.

"பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தா கோயிலுக்குப் போவீங்க?"

"சொரிமுத்தையன்."

"அது எல்லாருக்கும் உள்ளதுல்லா. அங்கன எந்தச் சாமிக்குப் பொங்கல் விடுவீங்க?"

இந்த ஊரில் யாரும் சாதியைக் கேட்பதில்லை. அது நாகரிகம் இல்லை. சாமியைத்தான் கேட்பார்கள். பொன்செல்வி சாமி பெயரைச் சொன்னாள்.

ஐயம்பெருமாள் மோர் தம்ளரைப் பார்த்தார். அவள் குடித்து முடித்திருந்தாள். "அடடா, நேத்து சாயங்காலம்தான் ஒருத்தருக்குச் சொல்லிட்டேன் டீச்சர். நீங்க ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா" என்றார்.

அவள் கேட்டுப் போனதில் அது ஏழாவது வீடு.

அவளும் அம்மாவும் இப்போது இருக்கிற வீட்டை இடிக்கப் போகிறார்கள். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அம்மா இசக்கித்தாய்க்கு முப்பத்தெட்டு வருடம் மலைச் சரிவில் நின்ற முழங்கால்கள். மாடி ஏற முடியாது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும். சொந்த ஆட்கள் இருக்கிற காலனியில் வீடு இருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். இந்தத் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்.

இன்று காலையில் தெரு முனையில் காஜா முகைதீனைப் பார்த்தாள். மேலப்பாளையத்துக்காரர், அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். பக்கத்துத் தெருக் கணக்கெடுப்பு அவருடையது.

"உங்களுக்காவது சாமி பேரு சொல்லுத வரைக்கும் டயம் குடுக்காங்க டீச்சர்" என்றார். "எனக்குப் பேரைச் சொன்ன ஒடனே வீடு வாடகைக்குப் போயிருது. ரெண்டு வருசமா பஸ்லதான் வாரேன்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது ஐயம்பெருமாள் வாசலுக்கு வந்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஆமா சார். வீட்டுக் கணக்கு."

முன்வீட்டுக்குப் பதில் சொல்லி முடித்தார். தரை, சுவர், கூரை, தண்ணீர், கார். கார் என்றபோது குரல் கொஞ்சம் உயர்ந்தது. எல்லாவற்றையும் போனில் தட்டினாள்.

"அடுத்தது பின்கட்டு சார். காலியா, குடியிருக்காங்களா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "அன்னைக்கே சொன்னம்லா. ஆள் இருக்கு."

"பூட்டியிருக்கே."

"வெளியூர் போயிருக்காங்க."

காலி என்று சொல்லியிருந்தால் அவள் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருப்பாள். ஆள் இருக்கிறது என்றால் கேள்விகள் உண்டு. முப்பதுக்கு மேல். ஒன்றையும் விடக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் வாசல் திண்டில் உட்கார்ந்தாள்.

"குடும்பத் தலைவர் பேரு?"

"பேரு... சுந்தர்."

"எத்தனை பேர்?"

"நாலு."

"பட்டியல் சாதியா, பழங்குடியா, மத்தவங்களா?"

"நம்ம ஆளுகதான்."

"நம்ம ஆளுன்னு ஒரு கட்டம் இல்ல சார்."

அவர் தொண்டையைக் கனைத்தார். "மத்தவங்க."

"கலியாணம் ஆன ஜோடி எத்தனை?"

"ஒண்ணு."

"ரேடியோ உண்டா?"

"ரேடியோவா? இப்ப யாரு டீச்சர் ரேடியோ வச்சிருக்கா?"

"நீங்கதான் சார் சொல்லணும். டிவி?"

"உண்டு."

"சைக்கிள்?"

"ஒண்ணு உண்டு."

"எங்க நிக்கி?"

"ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நாலு பேரும் சைக்கிள்லயா?"

அவர் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து இறங்கியது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பொன்செல்வி குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு கேட்பது போலக் கேட்டாள்.

"வீட்டுல முக்கியமா சாப்பிடுத தானியம்?"

"இதெல்லாம் எதுக்கு டீச்சர்?"

"சர்க்காருக்கு. அரிசியா, கோதுமையா?"

"அரிசி."

"சுந்தருக்குப் போன் நம்பர்?"

ஐயம்பெருமாள் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். சொர்ணாம்பாள் நடையில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"தரையும் சுவரும் நான் பாக்கணும் சார். கதவத் தெறங்க. பொய்த் தகவல் குடுத்தா அபராதம் உண்டு. நீங்க தலைமை எழுத்தரா இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

சாவியைச் சொர்ணாம்பாள்தான் எடுத்து வந்தாள். கணவரைத் தாண்டி, சந்துக்குள் நடந்தாள். பொன்செல்வி பின்னால் போனாள். அவர் வரவில்லை.

சிலந்தி வலை அறுந்து சொர்ணாம்பாளின் விரலில் ஒட்டியது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. சுண்ணாம்பு வாசனை அடித்தது. ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை. எல்லாம் காலி. தரையில் சிவப்பு சிமெண்டு. வாசலில் படி இல்லை. குளியலறையில் உட்காருகிற மேடை, பிடித்து எழச் சுவரில் கம்பி.

"என் மாமியாருக்காவப் போட்டது" என்றாள் சொர்ணாம்பாள்.

பொன்செல்வி கம்பியைப் பிடித்தாள். உறுதியாக இருந்தது. இசக்கித்தாயின் கை எட்டுகிற உயரம். இத்தனை நேரம் கோபம் அவள் கையில் ஒரு கருவி போல இருந்தது. இப்போது அது அவளை மீறிக் கனத்தது. கம்பியை விட்டாள்.

"தப்பா நெனைக்காத தாயி" என்றாள் சொர்ணாம்பாள் தணிந்த குரலில். "எனக்கு ஒண்ணும் இல்ல. தெருவுல பேசுவாங்க."

"இந்தத் தெருவுல நானும் பேசிக்கிட்டுத்தான் வாரேம்மா. உங்க முன்வீட்டோட நாப்பத்தி மூணு வீடு. ஒருத்தரும் உங்களப் பத்திப் பேசல."

சொர்ணாம்பாள் நல்லது சொல்கிறவள் போல இன்னும் நெருங்கி வந்தாள்.

"நீ அன்னைக்கு வேற சாமி பேரு சொல்லியிருக்கலாம்லா. பாத்தா ஒண்ணும் தெரியல. எங்க வீட்டுக்காரவுகளும் வீட்ட விட்டிருப்பாங்க. நானும் கண்டுக்கிட்டிருக்க மாட்டேன்."

பொன்செல்வி அந்த முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை. அவள் உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்தாள்.

"எங்க அம்மா கும்பிடுத சாமிய மாத்திச் சொல்லிட்டு அவளயே இங்க கூட்டியாந்து படுக்க வைக்கணுமாம்மா? ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் சாமி பேரச் சொல்லிக் கும்பிடுதப்ப அவ வாயப் பொத்தணுமா? உங்க வீட்டுக்காரரு பொய்யா நாலு பேரை இங்கன குடி வச்சிட்டாரு. இதுக்கு மேல இந்த வீடு தாங்காது."

போனை எடுத்தாள். சுந்தரையும், ஒரு ஜோடியையும், டிவியையும், ஊருக்குப் போன சைக்கிளையும் அழித்தாள். குடியிருப்பு நிலை என்ற இடத்தில் "காலி" என்று தட்டினாள்.

ஐயம்பெருமாள் சந்து முனையில் நின்றிருந்தார். "காலின்னு போடாதீங்க டீச்சர். ஆள் இருக்குன்னு நான் சொன்னது பொய்யின்னு ஆயிரும். பூட்டிக் கெடக்குன்னு போட்டுருங்க. உங்க ஹெட்மாஸ்டர் கோமதிசங்கர் நமக்கு வேண்டியவர்தான். ஒரு வார்த்த சொன்னா..."

"சொல்லுங்க சார். நான் பாத்தது காலி வீடு. யாரு சொன்னாலும் அதுல ஆள் வராது."

கதவின் பக்கத்தில் மார்க்கரால் 44 என்று எழுதினாள். புதுச் சுண்ணாம்பில் கறுப்பு நன்றாகப் பிடித்தது. அவர் அதையே பார்த்தார்.

"பிப்ரவரில ரெண்டாவது கணக்கு இருக்கு சார். அதுல சாதி கேப்பாங்க. அன்னைக்கும் இந்தத் தெரு எனக்கு வந்தா நான் வருவேன். சாமியச் சுத்திக்கிட்டு வர மாட்டேன். நேராக் கேப்பேன். நேராச் சொல்லுங்க."

தெருவுக்கு வந்தபோது போன் அடித்தது. அம்மா.

"ஏட்டி, வீடு எதுவும் கண்ணுல பட்டுதா?"

"பட்டுது. தரை வீடு. ஒரு படிகூடக் கெடையாது. குளிக்கையில பிடிச்சுக்கக் கம்பி இருக்கு."

"பொறவு என்னட்டி?"

"காலின்னு எழுதிட்டு வந்துட்டேன்."

எந்தத் தெரு என்று இசக்கித்தாய் கேட்கவில்லை. முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டது, வரும்போது வாங்கி வா என்றாள்.

பொன்செல்வி போனை வைத்தாள். அடுத்த வீட்டுச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். 45 என்று எழுதினாள், எழுத்து கோணாமல். மணியை அடித்தாள்.