ஒரே அறையில் இரண்டு சம்பந்தியம்மாக்கள்

மாப்பிள்ளை போட்ட திட்டப்படி அந்த ஊரில் அவர்கள் ஒரு ராத்திரிதான் தங்க வேண்டும். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, லாட்ஜில் தூங்கி எழுந்து, காலையில் வரிசையில் நின்று பாலத்தைத் தாண்டிவிட்டால் போதும். அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கே அவனே வண்டியோடு காத்திருப்பான். அவன் மனைவி பொம்மிக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாளிருந்தது. பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவளும் ஒருத்திக்கொருத்தி துணையாக வரட்டும் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அறை எடுத்ததுதான் தப்பு என்று பெண்ணைப் பெற்றவளுக்குத் தோன்றியது.

அவளை எல்லோரும் லாண்டரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரர் போன பிறகு கடையை ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்து நடத்தியவள். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பும் ஓட்டல் மேசைத் துணியும் வெளுத்துத்தான் பொம்மியைப் படிக்க வைத்தாள். சம்பந்தியம்மா டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை போயும் குரல் போகவில்லை. 'தண்ணி வேணுமா?' என்று அவள் கேட்டால்கூட எழுந்து நின்று பதில் சொல்லத் தோன்றும்.

இருவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கல்யாணத்தன்று சம்பந்தியம்மா தன் சொந்தக்காரர்களிடம், "பொண்ணோட அம்மா, சொந்தமா பிசினஸ் பண்றாங்க" என்று அறிமுகம் செய்தாள். என்ன பிசினஸ் என்று ஒரு மாமி கேட்டதற்கு, "துணி சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோனாள். லாண்டரியம்மா பக்கத்தில்தான் சிரித்தபடி நின்றிருந்தாள். அந்த வார்த்தை மட்டும் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து பேச்செல்லாம் பட்டும் படாமலும்தான்.

காலையில் வரிசை பாலத்தடியிலிருந்து பஸ் நிலையம் வரை நீண்டிருந்தது. சம்பந்தியம்மா கைரேகை பார்க்கும் கண்ணாடித் தகட்டில் விரலை வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. முத்திரை விழுந்தது. லாண்டரியம்மா வைத்தாள். சிவப்பு. அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கச் சொன்னார். சிவப்பு. நெற்றியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார். அதற்கும் சிவப்புதான்.

"என்ன வேலைம்மா செய்றீங்க?"

"லாண்டரிங்க."

"அதான் பார்த்தேன். சோப்பும் ப்ளீச்சும் ரேகையைத் தின்னுடுச்சு. கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க. தண்ணி, சோப்பு எதையும் தொடாதீங்க. கிரீம் தடவிக்கிட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்க, பார்ப்போம்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். லாண்டரியம்மா தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள். வழுவழுவென்று கூழாங்கல் மாதிரி இருந்தன. இத்தனை வருஷம் இந்தக் கையால்தான் பிழைத்தோம், இன்றைக்கு இது நம்மையே யாரென்று தெரியாது என்கிறதே என்று நினைத்தாள். கூடவே, 'எங்கேயாவது திருடினால்கூட மாட்டிக்கொள்ள மாட்டேன் போலிருக்கிறதே' என்று ஒரு நினைப்பு வந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

"நீங்க போங்க சம்பந்தி. உங்களுக்குத்தான் ஆயிடுச்சே" என்றாள்.

சம்பந்தியம்மா பையைத் தூக்கிக்கொண்டாள். "போனா ரெண்டு பேருமா போவோம். வாங்க, லாட்ஜுக்கு."

இனி ஆயுசு முழுக்க, 'உங்களுக்காக நான் காத்துக்கிடந்தேனே' என்று சொல்லிக் காட்டப்போகிறாள் என்று லாண்டரியம்மா நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தாள்.

காலி செய்த அறைக்கு அதற்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். "மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு" என்றார் மேனேஜர். "லிஃப்ட் இருக்கு. ஆனா ஓடாது."

அறை தீப்பெட்டி அளவு. ரெண்டு கட்டிலையும் ஒட்டிப்போட்டால்தான் கதவு திறக்கும். குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் உள்ளே போகிறவர்கள் வாளியை முட்டுக்கொடுக்க வேண்டும். சுவிட்சுக்குப் பக்கத்தில் முன்பு தங்கிய யாரோ ஒரு போன் நம்பரைப் பேனாவால் எழுதிவைத்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலம் திறக்கக் காத்து நின்றன. எதிரே பணம் மாற்றும் கடை, அவசர போட்டோ எடுக்கும் கடை, சிம் கார்டு விற்பவனின் குடை. பெட்டிச் சக்கரங்கள் தெருவில் ஓயாமல் கடகடவென்று உருண்டன. யாருமே அந்த ஊருக்கென்று வந்தவர்கள் இல்லை. எல்லோரும் வேறெங்கோ போகிற வழியில்தான் அங்கே இருந்தார்கள்.

லாண்டரியம்மா படுக்கை விரிப்பை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். தொழில் புத்தி.

மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து, முந்தின நாள் துணியை வாளியில் போட்டுக் கையை விட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கையை எடுங்க!"

லாண்டரியம்மா திருட்டுப் பிள்ளை மாதிரி கையை எடுத்தாள்.

"தண்ணியில கை வைக்கக் கூடாதுன்னு அவர் சொன்னது காதுல விழலையா? போய் உட்காருங்க. நான் பார்த்துக்கறேன்."

"ஐயோ, வேண்டாம் சம்பந்தி. என் துணியை நீங்க துவைக்கிறதாவது!"

"துணிதானே, கடிச்சிடுமா?"

கட்டில் நுனியில் உட்கார்ந்து, பத்து விரலிலும் கிரீம் பூசி, நகப்பூச்சு காயவைக்கிறவள் போலக் கையை விரித்துக்கொண்டு லாண்டரியம்மா உள்ளே பார்த்தாள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சம்பந்தியம்மா துணியைக் குழந்தைக்குத் தலை துவட்டுவது போல மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுக்கு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சோப்பு போட்டாள்.

"அப்படி இல்ல சம்பந்தி. கழுத்துப் பட்டியை முதல்ல..."

"நீங்க வாயாலயும் துவைக்கக் கூடாது."

பிழியவும் தெரியவில்லை. சொட்டச் சொட்டத் துணியைக் கொண்டுபோய் ஜன்னல் கம்பியில் போட்டாள். கீழே லாரியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவரின் தலையில் அது மழையாகக் கொட்டியது. அவன் மேலே பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். சம்பந்தியம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அட்சரம் பிசகாமல், "தடங்கலுக்கு வருந்துகிறோம். சற்று நேரத்தில் சரிசெய்யப்படும்" என்றாள்.

டிரைவர் டீயோடு நகர்ந்து நின்றான். லாண்டரியம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கிரீம் கையால் வாயைப் பொத்த முடியாமல் கட்டிலில் சாய்ந்து சிரித்தாள். அதைப் பார்த்துச் சம்பந்தியம்மாவும் சிரிக்க ஆரம்பித்தாள். கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியதும், அதே மூச்சில் லாண்டரியம்மா கேட்டுவிட்டாள். "சம்பந்தி, கல்யாணத்துல ஏன் என் தொழிலைச் சொல்லல?"

சம்பந்தியம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். எதைக் கேட்கிறாள் என்று விளக்கம் கேட்கவில்லை. அவளுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது.

"எங்க அண்ணிங்க வாய்க்குப் பயந்துதான்" என்றாள். பிறகு, "அது மட்டும்னு சொன்னா பொய். எனக்கும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்தது."

லாண்டரியம்மா இதை எதிர்பார்க்கவில்லை. மழுப்புவாள், அப்போது ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் தயாராக இருந்தாள். உண்மையைச் சொன்னவளை என்ன செய்வது?

"இப்ப?"

"இப்ப உங்க உள்பாடியையே அலசிப் போட்டாச்சு. இன்னும் என்ன கூச்சம்?"

அன்று மதியம் ரெண்டு பேரும் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிவந்து கட்டிலில் வைத்துச் சாப்பிட்டார்கள். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. சம்பந்தியம்மா பழத்தோலை மடித்துக்கொண்டே தானாகப் பேசினாள்.

"நான் உங்களுக்காகத்தான் திரும்பி வந்தேன்னு நினைக்கிறீங்க, இல்லையா?"

"ஆமா. இல்லையா பின்னே?"

"இல்ல. பொம்மி கூப்பிட்டது உங்களை. என் பையன் நடுவுல புகுந்து என் பேரையும் சேர்த்துட்டான். நான் மட்டும் தனியா போய் வாசல்ல நின்னா, அவ என் தோளுக்குப் பின்னாடி உங்களைத் தேடுவா. அதை என்னால பார்த்துக்கிட்டு நிக்க முடியாது, சம்பந்தி."

 அப்படியெல்லாம் இல்லை என்று லாண்டரியம்மாவுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பொம்மி தேடத்தான் செய்வாள். அது லாண்டரியம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது. எதிரே ஒருத்தி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. தன் பங்குப் பழத்தில் பாதியைப் பிட்டு அவள் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த நாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் போன் வந்தது. பொம்மிக்கு முன்கூட்டியே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 

லாண்டரியம்மா அப்படியே எழுந்து பாலத்துக்கு ஓடினாள். சம்பந்தியம்மாவும் கூட ஓடினாள். கெஞ்சிக் கேட்டு முன்னால் போய் லாண்டரியம்மா விரல்களை வைத்தாள். ரெண்டு விரலுக்கு மினுக்கென்று பச்சை வந்து அணைந்தது. மற்றதற்கெல்லாம் சிவப்பு.

"ரெண்டு விரல் வந்துடுச்சும்மா, தேறிக்கிட்டு வருது" என்றார் அதிகாரி. நல்ல மனுஷர்தான். "ஆனா குறைஞ்சது நாலு விரல் வேணும். நான் என்ன பண்ண?"

லாண்டரியம்மா சம்பந்தியின் தோளைப் பிடித்துப் பாலத்து வாசல் பக்கம் திருப்பினாள். "போங்க."

"நான் தனியாவா?"

"அவ என்னைத் தேடினா தேடட்டும். ஆளில்லாம தேடறதை விட, நீங்க பக்கத்துல இருக்கும்போது தேடட்டும். கேளுங்க, அவளுக்கு வலி வந்தா வாயைத் திறக்க மாட்டா. மணி என்ன, மணி என்னன்னு கேட்பா. திரும்பத் திரும்பக் கேட்டா தாங்கலன்னு அர்த்தம். ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க, கோபம் வரும். நெத்தியைத் தடவாதீங்க. உள்ளங்காலைப் பிடிச்சுவிடுங்க, அதுதான் அவளுக்குப் பிடிக்கும்."

சம்பந்தியம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே போனபின் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கூட்டம் அவளை மறைத்துவிட்டது.

அந்தப் பகலை எப்படிக் கழித்தோம் என்று லாண்டரியம்மாவால் பிறகு சொல்ல முடியவில்லை. அறைக்குப் போனால் சுவர் நெருக்கியது. கீழே வந்தால் மேனேஜர், "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். மறுபடி மாடி ஏறினாள். கழுவக் கூடாது, துவைக்கக் கூடாது, துடைக்கக் கூடாது. கவலையை எதிலாவது போட்டுத் தேய்த்துத்தான் அவளுக்குப் பழக்கம். சும்மா உட்கார்ந்து கவலைப்பட அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் ஜன்னலிலிருந்தே தெரிந்தன. ஒரு நடை தூரம். அதில் எதுவோ ஒன்றில் பொம்மி இருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில், அவள் கீழே மேனேஜர் மேசையருகே நின்றிருந்தபோது, போன் அடித்தது.

"பெண் குழந்தை" என்றாள் சம்பந்தியம்மா. "ரெண்டு பேரும் சுகம்." அவ்வளவுதான். அதற்குமேல் பேச வரவில்லை. அந்தக் கணீர்க் குரல் உடைந்து, அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. இந்தப் பக்கம் லாண்டரியம்மாவும் அழுதாள். மேனேஜர் என்ன சேதி என்று முழுசாகக் கேட்காமலே எல்லோருக்கும் டீ சொன்னார்.

மறுநாள் காலை கண்ணாடித் தகட்டில் நாலாவது விரலும் பச்சையாயிற்று. பாலத்தை அவள் நடந்து தாண்டினாளா, ஓடித் தாண்டினாளா தெரியாது.

ஆஸ்பத்திரியில் பொம்மி தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை கைக்குட்டை மடிப்பு மாதிரி சின்னதாகச் சுருண்டு கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். நர்ஸ் வந்து, கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் சம்பந்தியம்மா கண்கள் சிவந்து, தலை கலைந்து உட்கார்ந்திருந்தாள். லாண்டரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"மணி கேட்டாளா?"

"மணியா?" சம்பந்தியம்மா அவளைப் பார்த்தாள். "நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நடக்கல. ஆஸ்பத்திரியே கிடுகிடுக்கிற மாதிரி கத்தினா. உள்ளங்காலைத் தொட்டேன், விட்டா பாருங்க ஒரு உதை! நெத்தியைத் தடவச் சொல்லி அவளே என் கையை இழுத்து வெச்சுக்கிட்டா."

லாண்டரியம்மாவுக்குச் சுருக்கென்றது. வாயே திறக்காத பொம்மி. நெற்றியைத் தொட்டால் தட்டிவிடும் பொம்மி. அந்தப் பெண் எப்போது கத்தக் கற்றுக்கொண்டாள்? தன் கண் பார்க்காத இந்த ஊரில், புகுந்த வீட்டில், மகள் வேறு யாராகவோ ஆகியிருக்கிறாள். அவளைச் சம்பந்தியம்மாதான் முதலில் பார்த்தாள். அந்தப் பகல் இனி திரும்பி வரப்போவதில்லை. எத்தனை கேட்டாலும் அது கேள்வி ஞானம்தான்.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னைத் தேடினாளா?"

"வாசல்லயே தேடினா" என்றாள் சம்பந்தியம்மா. "அப்புறம் வலி வந்துடுச்சு. யாரு எவருன்னு பார்க்க நேரமில்ல."

அதில் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை. லாண்டரியம்மா பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"முதல்ல இருந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம."

சம்பந்தியம்மா சொல்ல ஆரம்பித்தாள். டாக்ஸி வழி மாறிப்போனது, மாப்பிள்ளை தாழ்வாரத்தில் மயங்கி விழப் பார்த்தது, பொம்மி டாக்டரையே அதட்டியது. லாண்டரியம்மா சில இடத்தில் சிரித்தாள். சில இடத்தில் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு மெல்ல மெல்ல நிதானமாகி, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றது. திரும்பிப் பார்த்தால் சம்பந்தியம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தலை சரிந்து லாண்டரியம்மாவின் தோளில் விழுந்தது.

மாப்பிள்ளை வண்டிச் சாவியோடு வந்தான். "அம்மாவை வீட்டுல விட்டுட்டு வந்துடறேன் அத்தை. எழுப்பட்டுமா?"

"வேண்டாம், தூங்கட்டும்" என்றாள் லாண்டரியம்மா, தோளை அசைக்காமல். "இன்னும் பாதிக் கதை பாக்கி இருக்கு."