சொரசொரப்பான பக்கம்

நூலக மேற்பார்வையாளர் புத்தகத்தைப் பிரித்துச் சாப்பாட்டு மேஜையின்மேல் வைத்ததுமே பைண்டரின் மகள் பாதி வழியில் நின்றுவிட்டாள். அவருக்காகக் கொண்டுவந்த டீ டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. அம்மா அதைச் சட்டென்று வாங்கி மேஜையில் வைத்தாள். டம்ளர் ஆடியதிலேயே விஷயம் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"என்னய்யா பைண்டர், இது என்ன?"

அது நாற்பத்தி மூன்றாம் பக்கம். போன மாதம் இந்த வீட்டிலிருந்து போனபோது அங்கே வெள்ளைத்தாள் மட்டும்தான் ஒட்டியிருந்தது. இருந்திருக்க வேண்டும். இப்போது அந்தத் தாளில் பென்சிலால் வரைந்த இரண்டு கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மூக்குக்கண்ணாடியோடு வலை பின்னுகிறாள். இன்னொருத்தி அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். கீழே ஒரு வரி: "இவங்க சாகல." அதற்கும் கீழே வேறு யாரோ பேனாவில் கேட்டிருந்தார்கள்: "அப்புறம்?"

புத்தகம் ஒரு படக்கதைத் தொடரின் ஆறாம் பாகம். படகு ஓட்டுகிற ஒருத்தியும் கலங்கரை விளக்கில் வேலை பார்க்கிற ஒருத்தியும் ஐந்து பாகம் வரை சிநேகிதிகளாக இருந்தார்கள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆறாம் பாகத்தில் ஒருத்தி மற்றவளிடம் மனதைச் சொல்லி முத்தம் கொடுத்துவிட்டாள். கடைசியில் புயலில் இருவரும் செத்தும் போகிறார்கள். அப்படியும் நூலகக் கமிட்டிக்கு ஆறவில்லை. பதினெட்டுப் பிரதிகளிலும் நாற்பத்தி மூன்றாம் பக்கத்தை மூடி ஒட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள். கமிட்டியில் ஏழு பேர். அந்த ஒரு பக்கத்தை ஏழு பேரும் ஆற அமரப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒட்டும் வேலை பைண்டர் வீட்டுக்கு வந்தது. ஒட்டியவள் மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். சின்ன வயதில் வைத்தது. இருபத்தி மூன்று வயதில் அவளைப்போல ஒரு வாயில்லாப் பூச்சியைப் பார்க்க முடியாது. அந்தத் தொடரென்றால் அவளுக்கு உயிர். பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினெட்டு முறை அந்த முத்தத்தை மூடினாள். பதினெட்டாவது பிரதியில் அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்த வீட்ட விட்டா வேற யார் கையும் இதுல படல" என்றார் மேற்பார்வையாளர். "யார் ஒட்டினது?"

பைண்டர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலால் அந்தத் தாளை மெல்லத் தடவினார். மகள் அந்த விரலையே பார்த்தாள்.

எந்தத் தாளுக்கும் இரண்டு பக்கம். ஒன்று வழவழ, ஒன்று சொரசொர. சொரசொரப்பில்தான் பசை பிடிக்கும். அதனால் அதை உள்ளே வைத்து ஒட்டி, வழவழப்பை வெளியே விடுவார்கள். பைண்டிங் தெரிந்த எவரும் இதை மாற்றமாட்டார்கள். அவளுக்கு ஐந்து வயதிலேயே அப்பா சொல்லிக்கொடுத்தது. ஆனால் வழவழப்பில் பென்சில் வழுக்கும். படம் வரைவதற்காக அந்த ஒரு தாளை மட்டும் அவள் திருப்பி ஒட்டியிருந்தாள்.

அப்பாவின் கட்டைவிரல் இரண்டாவது முறையும் அந்தத் தாளின்மேல் போய் வந்தது.

"நான்தான் சார் ஒட்டினேன்" என்றார். "இங்கேருந்து போறப்ப வெறும் தாளாத்தான் இருந்துச்சு. கீழ பேனாவுல எழுதியிருக்கே, அந்த மாதிரி அங்க எவனாச்சும் வரைஞ்சிருப்பான்."

மேற்பார்வையாளர் ஒவ்வொருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வீட்டில் யார் படம் வரைவார்கள் என்று கேட்டார். கோலப்பொடியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத வீடு என்றாள் அம்மா. அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து நின்றது. மகளோ உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். விரல் நுனியில் பென்சில் கரி இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு பயம்.

இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை மட்டும் போகாது, போலீசும் வரும் என்று எச்சரித்துவிட்டு அவர் பதினெட்டுப் பிரதிகளையும் வண்டியிலிருந்து இறக்கச் சொன்னார். பழைய தாள் மெலிசாம். வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இருக்கிற முத்தம் தெரிகிறதாம். அதனால் கமிட்டி இந்த முறை கனமான தாளாக வாங்கி அனுப்பியிருந்தது. அதை இன்னொரு முறை மேலே ஒட்ட வேண்டும். தானே வந்து ஒவ்வொரு பிரதியையும் பார்த்துத்தான் எடுத்துப்போவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். டீ ஆடை கட்டிப்போய் அப்படியே இருந்தது.

அவர் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியது. அப்புறம் அம்மா கதவைத் தாழிட்டாள். ஜன்னலையும் சாத்தினாள்.

"பாவி, இதுக்குத்தான் வரைஞ்சியா? உங்கத்தைக்கு நடந்தது தெரியுமா உனக்கு? சின்ன வயசுல பக்கத்து வீட்டுல இருந்து பார்த்தவ நான்."

தெரியாது. அத்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. கூடத்துச் சுவரில் அப்பாவின் சிறுவயதுக் குடும்பப் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் தாத்தாவும் பாட்டியும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். படத்தின் வலது ஓரம் அளந்து வெட்டியதுபோல நேராக முடிந்திருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் பட்டுப் போய்விட்டது என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"என்னங்க, சீக்கிரம் ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துடுங்க இவள" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். மகளுக்கு மேற்பார்வையாளரைவிட அந்தப் பேச்சுதான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. போலீஸ் வந்தால் ஒரு நாள் போய்விடும். இது ஆயுள் முழுக்க.

பைண்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி படல பாப்பா. நான்தான் வெட்டினேன்" என்றார். "எனக்குப் பதினாறு வயசு. நல்லா வெட்டுவேன்னு தாத்தா என்கிட்டதான் கத்தியக் குடுத்தாரு. அத்தையும் அவ சிநேகிதியும் அந்தப் பக்கம் நின்னாங்க."

"அத்தை இப்ப எங்கப்பா?"

"இப்ப உங்கம்மா சொன்னாளே, அதத்தான் செஞ்சோம். பிடிச்சுக் குடுத்தோம். ஒரு வருஷம்கூட உசுரோட இல்ல."

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். அங்கிருந்து நகரவும் இல்லை.

வேலையை ஆரம்பிக்கலாம் என்றார் அப்பா. அவள் பசை கரைக்கப் போனாள். மாவில் தண்ணீர் அதிகம் விடு, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தடவினால் போதும் என்று அவர் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை. அப்படி ஒட்டினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. கொஞ்சம் துருதுருப்பான வாசகி நகத்தால் நெம்பினால் தாள் கையோடு வந்துவிடும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

திரும்பி வந்தபோது மேஜையின்மேல் பதினெட்டுத் தாள்கள் வெட்டி அடுக்கியிருந்தன. எல்லாம் முறைப்படி சொரசொரப்பு மேலாக இருந்தன, பசை தடவத் தோதாக. கமிட்டி நல்ல தாளாகத்தான் வாங்கியிருந்தது. இவ்வளவு கனமான வரைதாளை அவள் கடையில் தொட்டுப் பார்த்திருக்கிறாளே தவிர வாங்கியதில்லை.

அவள் பிரஷை எடுத்தாள். அப்பா அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கிண்ணத்துக்குள் வைத்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

"வெளிப்பக்கம் வேணாம். அத அவர் பார்ப்பாரு. உள்பக்கத்துல வரை. அப்புறம் ஒட்டலாம்."

 மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் முதல் தாளை அவள் முன்னால் நகர்த்திவிட்டார். பென்சிலை வாங்கிக்கொண்டு முதல் தாளில் இரண்டு கிழவிகளையும் மெல்லக் கொண்டுவந்தாள். வெளியே ஏதோ வண்டி நின்றது. மூன்று பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். எதிர்வீட்டுக்கு வந்த வண்டி. கொஞ்ச நேரத்தில் கிளம்பிப் போய்விட்டது.

அப்பா குனிந்து பார்த்தார். தோளில் சாய்ந்து தூங்குகிறவளின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"இவளுக்கு ஒரு மச்சம் வை பாப்பா. மோவாய்ல."

"எந்தப் பக்கம்ப்பா?"

"இடது பக்கம்" என்றாள் அம்மா, அடுப்படி நிலையிலிருந்து.