சாட்சி சொன்னவள்

மேலாளர் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ரொட்டித் தொழிற்சாலையில் பெரியவர் சின்னவர் எல்லாருக்குமே அவள் அக்காதான். கட்டுப் போட்ட வலது கை மடியில் கிடந்தது. அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மற்ற மூன்றையும் மாவு தேய்க்கும் உருளை இழுத்துக்கொண்டது. உருளைக்கு முன்னால் இருக்க வேண்டிய இரும்புத் தடுப்பு உடைந்துபோய், 'இன்னிக்குப் போடுறோம், நாளைக்குப் போடுறோம்' என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாவிகள்.

இன்றைக்கு விசாரணை. தடுப்பு இல்லாததுதான் காரணம் என்று முடிவானால் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை கொடுப்பார்கள். தப்பு அவள்மேல் என்றால் சீட்டுக் கிழிந்துவிடும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு அவளை விட்டால் நாதியில்லை.

உள்ளே தங்கச்சி இருக்கிறாள் என்பதுதான் ஒரே தைரியம். கூடப் பிறந்தவள் இல்லை. பக்கத்து மிஷின்காரி; இருவருக்கும் ஒரே சபை, சாப்பாட்டு நேரத்தில் சேர்ந்து ஜெபிப்பார்கள். அன்று நடந்ததைக் கண்ணால் பார்த்தவளும் அவள் ஒருத்திதான்.

கதவு திறந்தது. தங்கச்சியின் முகமெல்லாம் பூரிப்பு.

"நல்லா சாட்சி சொல்லிட்டேன்க்கா!"

"தடுப்பு இல்லாததச் சொன்னியா?"

"அதுவும் சொன்னேன். அதவிடப் பெரிசு ஒண்ணு சொன்னேன். ரத்தம் அப்படிக் கொட்டுது, நீங்க அலறவே இல்ல. 'ஆண்டவரே, என் தப்பை மன்னியும், என்னை ஒப்புக்கொடுக்கிறேன், உம்ம இஷ்டப்படி வனையும்'னு ஜெபம் பண்ணீங்கன்னு சொன்னேன். சார் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டார்க்கா!"

அக்கா பெஞ்சை விட்டு எழுந்தேவிட்டாள். சபையில் எழுந்து நின்று ஆண்டவர் மகிமையைச் சொல்கிற சாட்சியை இந்தப் பைத்தியம் இங்கே வந்து சொல்லியிருக்கிறதே!

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். மேலாளர் குரலை உயர்த்தவே இல்லை. "தப்பு உங்களோடதுன்னு அப்பவே ஒத்துக்கிட்டீங்களாமே?"

"அது ஜெபம் சார். நான் செஞ்ச பாவத்தையெல்லாம் சொன்னது. மிஷினப் பத்தி இல்ல."

"என் தப்புன்னு சொன்னீங்களா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சொன்னேன் சார்."

"அப்புறம் என்னம்மா? வேலை போனதையும் உங்க ஆண்டவர் சித்தம்னு எடுத்துக்குங்க."

வெளியே வந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே தங்கச்சிக்கு விளங்கிவிட்டது. "ஐயோ அக்கா, நல்லதுன்னு நெனச்சுத்தானே..."

"நீ ஒண்ணும் பொய் சொல்லலியே. அழாதடி."

சொன்னவள்தான் பெஞ்சில் சரிந்து தேம்பித் தேம்பி அழுதாள். குயவன் கைக் களிமண்ணைப் போல உடைத்து வனையும் என்று எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள், மனதாரத்தான் கேட்டாள். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள இப்போதும் மனம் வரவில்லை. 'உம்ம கையிலதான் இருக்கேன் ஆண்டவரே, ஆனா வலி தாங்கலியே' என்றாள்.

சங்கு ஊதியது.

"போடி, உன்னையும் திட்டப் போறாங்க. இன்னிக்கு எந்த மிஷின்?"

தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க மிஷின்லதான்க்கா போட்டிருக்காங்க. தடுப்பு இன்னும் போடல."

அக்கா அவளை அருகே இழுத்து, தொளதொளவென்றிருந்த சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். ஆஸ்பத்திரியில் தன் புண்ணுக்குக் கொடுத்திருந்த கட்டுத்துணியைப் பையிலிருந்து எடுத்து அதன்மேல் சுற்றினாள். ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டாள். அவிழுமா என்று இழுத்துப் பார்த்தாள்.

"அந்தக் கையையும் நீட்டு" என்றாள்.