அடுப்புக்குப் பின்னால் வாசல்

இறந்துபோன தங்கையின் காலில் காலுறையை மாட்டி, முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள் ஒனோரின். செத்த பிறகும் தெல்ஃபினின் கால் அழகாகத்தான் இருந்தது. அறுபது வயதில் ஒரு நரம்புகூடப் புடைத்திருக்கவில்லை. ஒனோரினுக்கு வயிறு எரிந்தது.

"மெதுவா பெரியம்மா, அம்மாவுக்கு வலிக்கப் போகுது," என்றாள் தெல்ஃபினின் மகள் ஃபெலிசி, என்ன சொல்கிறோம் என்பதே உறைக்காமல்.

"இவளுக்கு என்னிக்கு வலிச்சிருக்கு? வலியெல்லாம் எனக்குத்தான்."

கொத்தனார் கஸ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். "அக்கா, பெட்டி சந்து வழியா போகாது. இடிச்ச கல்லெல்லாம் அங்கதான் குவிஞ்சு கிடக்கு."

"அப்ப எப்படிக் கொண்டுபோறது?"

"சுவர் நடுவுல பெரிய வாசல் ஒண்ணு அடைச்சிருந்துச்சு. காலையில அதை உடைச்சுட்டோம். அது வழியா நேரா தெருவுக்குப் போயிடலாம்."

அந்த வீடு நின்ற இடம், ஒராஞ்ச் ஊரில் ரோமானியர்கள் நாடகம் பார்க்கக் கட்டிய அரங்கம். அவர்களும் போனார்கள், நாடகமும் போயிற்று, கல் மட்டும் நின்றது. சண்டைக்குப் பயந்து உள்ளே ஒதுங்கிய சனங்கள் அப்படியே வீடு கட்டிக்கொண்டார்கள். மேடைமேல் அடுப்பு, பார்வையாளர் படிகளில் படுக்கை, பக்கத்திலேயே பன்றிக் கொட்டில் என்று எத்தனையோ தலைமுறை ஓடிவிட்டது. இப்போது நகரசபைக்குத் திடீரென்று பழசின்மேல் ஆசை வந்து, வீடுகளை வாங்கி இடித்துக்கொண்டிருந்தது. ஒனோரின் முதல் ஆளாக வீட்டைக் கொடுத்துவிட்டு ஆற்றோரம் போனாள். தெல்ஃபின் அசையவில்லை. என் பொணம்தான் இங்கேர்ந்து போகும் என்றாள். சொன்னபடி செய்தும் காட்டிவிட்டாள்.

ஒனோரின் வெளியே வந்து பார்த்தாள். தன் வீடு நின்ற இடத்துக்குப் பின்னால், அரங்கத்தின் பெருஞ்சுவர் நடுவில், ஆகாயத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது வாசல். ஒரு பக்கக் கல் முழுக்கக் கரி. அவள் அடுப்புக் கரிதான். நாற்பது வருஷம் அங்கேதான் அவள் சூப் கொதித்தது.

கட்டடத்தைப் பார்வையிட பாரிஸிலிருந்து வந்திருந்த அதிகாரி, கேட்காமலே சொன்னார். "அந்தக் காலத்துல ராஜா வேஷம் கட்டினவனுக்கு மட்டும்தாம்மா இந்த வாசல். மத்தவங்களுக்கு ரெண்டு பக்கமும் சின்ன வாசல்."

"இதுக்கு முன்னாடி உக்காந்து நாப்பது வருஷமா வெங்காயம் உரிச்சிருக்கேன். எவனாவது ஒரு வார்த்தை சொன்னானா?"

அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஃபெலிசியின் கையைப் பிடித்தாள்.

"அது வழியா இவளைக் கொண்டுபோகக் கூடாது. கல்லை அள்ளட்டும். நாளைக்கு எடுத்துக்கலாம்."

"ஆகஸ்ட் வெயில் பெரியம்மா. நாளைக்கு வரைக்கும் தாங்குமா?" ஃபெலிசி கையை விடுவித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாளாவது அம்மாவுக்கு விட்டுக்கொடுங்களேன்."

விட்டுக்கொடுத்ததைத் தவிர வேறென்ன செய்தோம் என்று ஒனோரினுக்கு ஆத்திரமாக வந்தது. நல்ல துணி அவளுக்கு, நல்ல புருஷன் அவளுக்கு, அருமையான பெண் அவளுக்கு. போகிறபோது ராஜா வாசலும் அவளுக்கே, அதுவும் என் அடுப்பங்கரையிலிருந்து. அழுகை வரவேண்டிய நேரத்தில் பொறாமைதான் வந்தது. அதற்கு அவள் வெட்கப்படவுமில்லை.

ஊரில் சாவு விழுந்தால் பிணம் தூக்க வரும் சபையார், முகம் மூடிய வெள்ளை அங்கிக்காரர்கள், பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். கோயில் மணி அடித்தது. பெட்டி எங்கும் இடிக்காமல், குனியாமல், வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. ஆண்கள் பின்னால் போனார்கள். கல்லறைக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை. ஃபெலிசி உள்ளே போய்விட்டாள்.

ஒனோரின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, பாவாடையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, தலை நிமிர்ந்து வாசலை நோக்கி நடந்தாள்.

"டேய், மகாராணி வராங்க, வழி விடுங்கடா!" என்றான் கஸ்பார். மண்வாரிகள் நின்றன.

அவள் அவசரப்படாமல் கடந்தாள். தெருவுக்கு வந்ததும் சட்டென்று திரும்பி, வாசலின் வழியே தெரிந்த தங்கையின் மாடிச் சன்னலை அண்ணாந்து பார்த்தாள். புதுத்துணி உடுத்திய நாளிலெல்லாம் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள். அங்கே தங்கையின் முகம் சுருங்கும்.

சன்னலில் ஃபெலிசி நின்று, இறந்தவளின் மெத்தையை வெயிலுக்கு விரித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா! அங்க தனியா என்ன பண்றீங்க?"

ஒனோரின் பாவாடையைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்தினாள். ஓரம் தெருப்புழுதியில் விழுந்தது.