கதைக்காத மொனிற்றர்

தர்சினி கணினியைப் போட்டபோது ஒன்பதேமுக்கால். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வழமையாக அதற்குப் பிறகு ஓர் ஆண்குரல் வந்து, திரையில் என்ன இருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். அன்றைக்கு அந்தக் குரல் வரவில்லை.

பதினொரு வயதில் வந்த காய்ச்சலோடு தர்சினிக்குப் பார்வை போய்விட்டது. இப்போது முப்பத்திரண்டு. திரையை வாசித்துச் சொல்லும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் பட்டப்படிப்பையே முடித்தாள். மொனிற்றருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் இருந்துதான் அது வரும். ஹெட்போன் போன கிழமை பழுதாகிவிட்டது. சத்தம் இல்லையென்றால் அவளுக்கு அந்தக் கணினி வெறும் பெட்டி.

பதினொரு மணிக்கு நேர்முகம் இருந்தது. கொழும்பு நிறுவனம் ஒன்று, வீட்டில் இருந்தபடியே வாடிக்கையாளரின் தமிழ்க் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் தேடியது. கேள்வி கேட்டு முடிய, அவர்கள் அனுப்பும் கடிதம் ஒன்றுக்கு அந்த இடத்திலேயே பதிலும் எழுதிக் காட்ட வேண்டும். அதனால் கைபேசியில் சமாளிக்க வழியில்லை. இதற்கு முதல் பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒருவரும் நேர்முகம்வரை கூப்பிட்டதில்லை.

அம்மா விடியவே சந்நிதிக் கோயிலுக்குப் போய்விட்டாள். தங்கை நிவேதனாவுக்கு வங்கியில் வேலை, மதியம்வரை அழைப்பு எடுக்கமாட்டாள். கைபேசிக் கமராவைத் திரைக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "மேசை. வெளிச்சம்" என்றது கைபேசி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால், வீட்டுக் கறண்டிலேயே ஓடும் தண்ணீர் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. பின்பக்கக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைத்திருப்பவள் இராசாத்தி. ஐம்பது வயது தாண்டியவள். காலையும் மாலையும் வருவாள், இறைப்பாள், போவாள். இரண்டு வருடத்தில் அவளும் தர்சினியும் கதைத்தது நல்லா இருக்கிறீங்களோ என்ற அளவுக்குத்தான்.

தர்சினி பின்கதவைத் திறந்து, "அக்கா! இராசாத்தியக்கா! ஒருக்கா ஓடி வாங்கோ!" என்று கத்தினாள்.

மோட்டர் நின்றது. ஈரக்கால் சத்தம் முற்றத்தைத் தாண்டி வந்தது.

"என்ன பிள்ளை? பாம்பு கீம்போ?"

"இல்லை அக்கா. பதினொரு மணிக்கு எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகம், கொம்பியூட்டரிலை சத்தம் வரேல்லை. எனக்கு உங்கடை கண் வேணும்."

இராசாத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். "நேற்றுப் பின்னேரம் கறண்ட் போய்ப் போய் வந்தது. என்ரை மோட்டராலைதான் பழுதாப் போச்சோ?"

"அப்பிடி ஒண்டும் இருக்காது. வந்து திரையைப் பாருங்கோ."

"நான் அஞ்சாம் வகுப்போடை நிண்டனான். இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாது."

"எழுத்து எனக்குத் தெரியும். அதின்ரை வடிவத்தை மட்டும் சொல்லுங்கோ, போதும்."

இராசாத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தாள்.

கணினி சத்தத்தை அனுப்புகிறதா, அல்லது மொனிற்றர்தான் அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறதா என்பதை முதலில் அறிய வேண்டும் என்று தர்சினி நினைத்தாள்.

"கீழை, வலப்பக்க மூலையிலை ஸ்பீக்கர் படம் ஒண்டு இருக்கோ?"

"பொறும்... ஓம், கோயில்லை கட்டுற குழாய் மாதிரிச் சின்னனா ஒண்டு கிடக்கு."

"பக்கத்திலை பெருக்கல் அடையாளம் இருக்கோ?"

"இல்லை. வளைஞ்ச கோடுகள்தான்."

அப்படியென்றால் கணினியில் பிழை இல்லை. தர்சினி மொனிற்றரின் பின்னால் கையை விட்டு வயரைத் தடவினாள். இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றி, திரும்பவும் செருகினாள். விசைப்பலகையைத் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. கணினியை நிறுத்தித் திரும்பவும் போட்டாள். அதிலே இன்னும் ஐந்து நிமிடம் போனது.

"எத்தினை மணி அக்கா?"

"பத்து இருபத்தைஞ்சு."

மிச்சம் இருந்தது மொனிற்றர் மட்டுந்தான். அதன் கீழ் விளிம்பில் ஐந்து பொத்தான்கள் இருந்தன. தர்சினி ஒவ்வொன்றாக அமத்தினாள், இராசாத்தி திரையில் நடப்பதைச் சொன்னாள். ஒருமுறை திரை முழுவதும் இருண்டுபோனது. இராசாத்தி பதறி எழும்பிவிட்டாள். அடுத்த பொத்தானில் வெளிச்சம் வந்தது. அதற்கடுத்ததில், "ஒரு பெட்டி விரிஞ்சிருக்கு பிள்ளை, நிரையா எழுத்து" என்றாள்.

"அதிலை அந்தக் குழாய்ப் படம் இருக்கோ?"

"நாலாவதா."

தர்சினி எண்ணி எண்ணி அமத்தி நாலாவதற்குப் போனாள்.

"இப்ப ரண்டு வரி. மேல் வரியிலை ஆறும் சைபரும் கிடக்கு. கீழ் வரியிலை எழுத்து."

அறுபது. சத்தம் குறைக்கப்படவில்லை. தர்சினி அடுத்த வரிக்கு இறங்கினாள். "கீழ் வரியிலை கடைசியா இருக்கிற எழுத்துகளைச் சொல்லுங்கோ."

"முதல் எழுத்து, ஒரு கம்பு, அதின்ரை தலைப்பக்கம் ஒரு வளையம். மற்றது பிறை மாதிரி."

பி. சி. தர்சினி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். மொனிற்றர் இன்னொரு வயரில் இருந்து சத்தம் வரும் என்று காத்திருக்கிறது. அந்த வயர் இந்த வீட்டிலேயே இல்லை. இங்கே படமும் சத்தமும் எச்.டி.எம்.ஐ. என்ற ஒரே வயரில்தான் வரும். கறண்ட் போய் வந்ததில் அமைப்பு தானாக மாறியிருக்க வேண்டும்.

"நான் அமத்த அந்த எழுத்து மாறும். ரண்டு கம்பு நட்டு, நடுவிலை ஒரு குறுக்குத்தடி போட்ட எழுத்து முதலாவதா வந்தோடனை நில்லெண்டு சொல்லுங்கோ."

ஒருமுறை அமத்தினாள்.

"நில்லும்! நில்லும் பிள்ளை! ரண்டு கம்பு, குறுக்குத்தடி!"

தர்சினி உறுதிப்படுத்தும் பொத்தானை அமத்திவிட்டு விசைப்பலகையைத் தட்டினாள். "பத்து மணி நாற்பத்தொரு நிமிடம்" என்றது அந்தக் குரல்.

இராசாத்தி கை தட்டிச் சிரித்தாள். தர்சினிக்கு அழுகை வந்தது. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "அழாதையும், முகத்தைக் கழுவிப்போட்டு வந்து இரும்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போய்விட்டாள்.

நேர்முகம் நன்றாகவே போனது. மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். எழுதத் தந்தது, தவறுதலாகத் துண்டிக்கப்பட்ட தொலைபேசி இணைப்பைப் பற்றி ஒரு வயோதிபர் கோபமாக எழுதிய கடிதம். தர்சினி மன்னிப்பில் தொடங்கி, அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சின்னச் சின்ன வசனங்களில் எழுதினாள். எழுதும்போது ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. என்னவென்று யோசிக்க நேரம் இருக்கவில்லை.

எல்லாம் முடிந்து மொனிற்றரை நிறுத்திய பிறகுதான் விளங்கியது. மோட்டர் சத்தம் கேட்கவில்லை.

வெள்ளைப் பிரம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். பன்னிரண்டு மணி வெயில் தலையில் இறங்கியது.

"அக்கா, இறைச்சு முடிஞ்சுதோ?"

"இல்லை. பாதிதான்." இராசாத்தியின் குரல் கிணற்றுக்கட்டின் பக்கம் இருந்து வந்தது. "மோட்டரைப் போட்டு, திரும்பவும் கறண்டுக்கு ஏதும் வந்தா உம்மடை அலுவல் கெட்டுப்போமே. அதுதான் இருந்தனான்."

"இவ்வளவு நேரமும் வெயிலுக்கையோ? வெங்காயம் வாடியிருக்குமே?"

"கொஞ்சம் தலை சாய்ஞ்சிருக்கு. தண்ணியைக் கண்டா நிமிரும். வேலை தாறவை என்ன சொன்னவை?"

"அறிவிக்கிறம் எண்டவை." தர்சினி குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள். இராசாத்தி அதைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினாள்.

"உங்களை மறக்கமாட்டன் அக்கா. நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு நான் அழுதுகொண்டு இருந்திருப்பன்."

"நான் என்ன செய்தனான்? கண்டதைச் சொன்னனான்." இராசாத்தி மெதுவாகச் சொன்னாள்: "ஒரு கடுதாசி வந்தாலும் ஆரும் ஒருத்தரைத் தேடி ஓடுறவள் நான். இண்டைக்கு என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னீர். நான்தான் உமக்கு நன்றி சொல்லோணும்."

மோட்டரைப் போட்டார்கள். இராசாத்தி பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டு முடிக்கும்வரை தர்சினி மாமர நிழலில் நின்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி வேலை தொடங்கலாம் என்றது. தர்சினி அதை இரண்டு தரம் கேட்டாள். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். நிவேதனாவும் அன்று லீவில் வீட்டில்தான். அவர்களுக்கு ஒன்றும் சொல்லாமல் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் இறங்கினாள், இராசாத்தியைக் கூப்பிட்டபடி.