தொய்வு என்று சொன்னவள்

1

இந்தக் கதை ஒரே சொல்லாகத்தான் என்னிடம் வந்தது. தொய்வு. யாழ்ப்பாணத்தில் அது ஆஸ்துமா. தமிழ்நாட்டில் தளர்ச்சி.

முதல் தொடக்கம்: மெல்பனில் புல் பூக்கும் மாதத்தில், காற்றுக்கு ஒரு

[விட்டுவிட்டேன். அழகாக வருகிறது.]

இரண்டாவது: யாழ்ப்பாணத்து விமலாதேவிக்கு ஐம்பத்திரண்டு வயது. மெல்பன் புறநகர் ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறாள். ஆஸ்துமாவுக்கான பரிசோதனை மருந்தை மாதம் ஒருமுறை ஊசியாகப் போடுகிறார்கள். உள்ளே இருப்பது மருந்தா உப்புநீரா என்று அவளுக்கும் தெரியாது, தாதிக்கும் தெரியாது. (எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.)

2

ஊசி போட்ட மறுவாரம் தாதி தொலைபேசியில் விசாரிப்பாள். நடுவே மொழிபெயர்ப்பாளர் சந்திரகலா, மதுரைக்காரி.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"தொய்வு கூடிப்போச்சு, பிள்ளை."

களைப்பு அதிகம் என்று சந்திரகலா ஆங்கிலத்தில் சொன்னாள். மூன்று மாதமும் அப்படியே. பதிவில் ஆஸ்துமா: இல்லை. களைப்பு: கடுமை.

[சந்திரகலாவைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். சரிப்படவில்லை. தனக்குத் தெரிந்த தமிழைத்தான் அவள் மொழிபெயர்த்தாள்.]

3

நான்காம் மாதம் இழுப்பு நின்றது. நெஞ்சில் விசில் இல்லை. கைகள் தொங்கின. பெட்டி எழவில்லை.

மகள் வினுஷா பதிவின் நகலை வாசித்தாள்.

"அம்மா, ஆஸ்துமா இல்லையாம். டயர்டாம்."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான்."

"நான் தொய்வு எண்டெல்லோ சொன்னனான்!"

மகளை முறைக்கத் தலையை நிமிர்த்தினாள். தலை வரவில்லை. அவர்கள் பதிவில் எழுதியது அவள் உடம்பில் நடந்துகொண்டிருந்தது.

[இதை நான் திட்டமிடவில்லை.]

4

இன்று பிற்பகல் இடிமழை என்கிறார்கள். இந்த ஊரில் மழைக்கு முன் புல்லின் மகரந்தம் உடைந்து காற்றில் இறங்கும். ஆஸ்துமாக்காரர் வெளியே வரமாட்டார்கள்.

தொலைபேசி அடிக்கிறது.

"இந்தமுறை ஆஸ்துமா எண்டே சொல்லுங்கோ," என்கிறாள் வினுஷா, எடுக்குமுன்.

"எழுதினால் வந்திடுமேயடி. அதுவும் இண்டைக்கு."

"அப்ப பழைய சொல்லையே சொல்லுங்கோவன்."

"இன்னும் தொய்ஞ்சால் மூச்சை ஆர் இழுக்கிறது?"

"சுகம் எண்டு சொல்லுங்கோ."

"அந்த மதுரைப் பிள்ளை சுகத்தை என்னெண்டு சொல்லுமோ!"

இருவரும் சிரிக்கிறார்கள். விமலாதேவியின் சிரிப்பு பாதியில் சரிகிறது.

முடிவு அ: ஆஸ்துமா என்கிறாள். வானம் இடி

முடிவு ஆ: தொய்வு என்கிறாள். தொலைபேசி கையிலிருந்து

[இரண்டையும் முடிக்க எனக்குத் துணிவில்லை. நான் எழுதுவதும் எழுத்துத்தானே.]

"சொல்லுங்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"              "

அந்த இடம் உங்களுக்கு. எதையும் நிரப்புமுன், உங்கள் ஊர் எது என்று ஒருமுறை யோசியுங்கள்.