குடிகார ஹாயோவின் கோபுரம்

லூடர்ஸீல் ஊரில் பார்க்க வேண்டியவை மூன்று: சாய்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரம், பழைய கடல் மதகு, இந்த இரண்டையும் பார்க்க வந்து மழையில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள். அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது ஐலர்ட்டின் வேலை.

சேற்று நிலத்தில் அஸ்திவார மரங்கள் உளுத்துப்போனதால் கோபுரம் சாய்ந்தது. இதைச் சொன்னால் பயணிகள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே போன வருஷம் ஒருநாள், "கட்டின கொத்தனார் ஹாயோ வூபெனா முழு போதையில இருந்தாரு" என்று எடுத்துவிட்டான். சிரிப்பு அள்ளியது. ஆறே மாதத்தில் சந்தைத்தெரு மதுக்கடையில் 'குடிகார ஹாயோ' என்று ஒரு பீரே வந்துவிட்டது.

ஹாயோவின் வூபெனா குடும்பத்தில் ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆள், ரொட்டிக்கடை தொம்மா அத்தை. எழுபத்தொரு வயது, கல்யாணம் ஆகாதவள். கோடையில் அவள் கடைப் பலகையில் குடும்பப் பெயரை மட்டும் வெள்ளையடித்து மறைத்தாள். அன்றிலிருந்து ஐலர்ட் ரொட்டி வாங்கப் பக்கத்து ஊருக்குச் சைக்கிள் மிதித்தான். ஒவ்வொரு ஞாயிறும் உண்மையைச் சொல்லிவிட முடிவெடுப்பான். ஒவ்வொரு திங்களும் அவன் கதையில் ஹாயோ மறுபடி தள்ளாடுவார்.

இதற்கிடையே அவனுக்கு முப்பது வயதாகிவிட்டது. ஊர் வழக்கப்படி, முப்பதாகியும் கல்யாணமாகாதவன் அந்தப் பிறந்தநாளன்று நகர மன்றப் படிகளைக் கூட்ட வேண்டும். மணமாகாத பெண் ஒருத்தி வந்து முத்தமிட்டால்தான் விடுதலை. நண்பன் ஃபோக்கோ சாக்கு சாக்காகப் பீர் மூடிகளைக் கொட்டினான்.

"மச்சான், அந்த மூலைய விட்டுட்டியே!"

"உனக்கும் முப்பது வரும்டா."

"எனக்கு ஆள் இருக்கு. உனக்கு விளக்குமாறு இருக்கு."

இரண்டு மணி நேரமாகியும் ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் மாவு அப்பிய ஏப்ரனோடு தொம்மா அத்தை படியேறினாள்.

"போதும்டா, புள்ளைக்கு இடுப்பு ஒடியுது. நானும் கல்யாணம் ஆகாதவதானே? என் முத்தம் செல்லும்ல?"

கூட்டம் விசிலடித்தது. அவள் அவன் கன்னத்தை நோக்கிக் குனிந்தாள். ஐலர்ட் பின்வாங்கினான்.

"வேணாம் அத்தை. ஹாயோ குடிகாரர்னு கதை கட்டினது நான்தான். அஸ்திவார மரம் உளுத்துதான் கோபுரம் சாஞ்சுது."

அத்தை அவனையே பார்த்தாள். "எந்தப் பழைய ஏட்டுலயோ இருக்குன்னுல்ல நம்பிட்டேன். ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம அந்தக் கோபுரத்தடியில நின்னு மனசுக்குள்ள ஊர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன்டா."

அவள் கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"சத்தமாச் சொல்லு. கடைசி வரிசைக்குக் கேக்கல."

சொன்னான். விசில் நின்றது.

அத்தை முத்தமிடவில்லை. ஃபோக்கோவின் கையிலிருந்த சாக்கை வாங்கி, கூட்டி முடித்த மேல்படியில் கவிழ்த்தாள். மூடிகள் கலகலவென்று கடைசிப்படிவரை உருண்டன.

"நேராக் கூட்டுடா. கோணலாக் கூட்டினா அதுக்கும் எங்க குடும்பத்தைத்தான் சொல்வாங்க."

ஐலர்ட் மேல்படியிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.